வானிலைப் பெண்ணின் முழங்கை

இரவு ஒன்பதேமுக்காலுக்கு
சான்டியாகோ தொலைக்காட்சியில் வானிலை.
எங்கள் நாடு ஒல்லி, அளவுக்கு மீறிய நீளம்.
விறகைப்போல் மூன்றாக வெட்டி
அடுக்கிக் காட்டுவார்கள்.
மூன்றாம் துண்டை மறைத்தபடி
அந்தப் பெண் நிற்பாள்.
எங்கள் தீவு அவள் முழங்கைக்குப் பின்னால்.
பதினோரு வருடமாக
சிலோவேயின் தட்பவெப்பம்
ஒரு நீலச் சட்டையின் கை.

"நாடெங்கும் தெளிந்த வானம்" என்கிறாள்.
அந்தத் தெளிந்த வானம்
என் தகரக் கூரைமேல்
ஆணி ஆணியாகக் கொட்டுகிறது.

கோபமெல்லாம் இல்லை.
மழை வருமா என்று இங்கே யாரும் கேட்பதில்லை,
எந்தப் பக்கமிருந்து என்பதுதான் பேச்சு.
வடக்கிலிருந்து என்றால் மூன்று நாள்.
மேற்கிலிருந்து என்றால் குடையை வீட்டில் விடு,
அதுவாவது பிழைக்கட்டும்.
தெற்குக் காற்றடித்தால் துணி காயும்;
அன்று ஊரே கொடியில் தொங்கும்,
யாருடைய பனியனில் எத்தனை ஓட்டை என்பது
மாலைக்குள் எல்லோருக்கும் மனப்பாடம்.

மற்ற செய்திக்கு வானொலி.
மதியம் ஒரு மணிக்கு
எரிபெர்த்தோ தொண்டையைச் செருமினால்
சட்டிக்குள் கரண்டி நிற்கும்.
போன் எட்டாத குட்டித் தீவுகளுக்கு
அவன் வாசிக்கும் தகவல்கள்:
"பூத்தா கேயூவின் எதெல்வினாவுக்கு:
பன்றி விற்றாயிற்று. அழவேண்டாம்.
கெனுவில் தீவு ஓனோஃப்ரேவுக்கு:
உங்கள் பல்செட் தயார்.
வியாழக்கிழமைப் படகில் வருகிறது.
அதுவரை கஞ்சி."

வியாழன் காலை
துறைமுகத்தை மூடிவிட்டார்கள்.
தெளிந்த வானம்தான், ஆனால்
அலை மூன்று மீட்டர்.

சனிக்கிழமைச் சந்தையில்
விலைவாசிக்கு முன்னால் பல்.
"வந்ததா?"
"எங்கே, மருந்துக்கடை மேசையில்
பஞ்சு சுற்றி இருக்கிறதாம்."
"மேலா கீழா?"
"ரெண்டும்."
நாடாளுமன்றத்தில் யாரோ
ராஜினாமா செய்திருந்தார்கள் போல.
அந்தப் பத்திரிகையில்தான்
எனக்கு மீனைச் சுற்றிக் கொடுத்தார்கள்.
ராஜினாமாவின் காரணம் இருந்த பக்கம்
செதிலோடு ஒட்டிக்கொண்டு கிழிந்தது.

ரொசெந்தோவின் வண்டியில் பலகை:
காய்ந்த விறகு.
கையில் எடுத்தேன், சொட்டியது.
"என்னய்யா இது?"
"ஏற்றும்போது காய்ந்துதான் இருந்தது அம்மா,
நீங்கதான் லேட்டா வந்தீங்க."
அரை கன மீட்டர் வாங்கினேன்.
வேறென்ன செய்ய,
எல்லார் பலகையும் அதே தச்சன் செய்தது,
எல்லார் விறகும் அதே மழை நனைத்தது.

தோரிலாவிடம் உருளைக்கிழங்கு:
ஊதா, கறுப்பு, சிவப்பு,
பாவம் செய்தவன் கைவிரல்போல் முண்டும் முடிச்சும்.
ஒவ்வொன்றையும் பேர்சொல்லி எடுத்துப்போட்டு
வடக்கே விளையும் வழவழப்பானதைத் திட்டுவாள்:
"அதெல்லாம் கிழங்கா? சோப்பு!"
ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

பிறகு, மழைக்கு ஒதுங்குவதுபோல
புது சூப்பர் மார்க்கெட்டுக்குள் நழுவினேன்.
உள்ளே வெளிச்சம், சூடு, ஒரே பாட்டு மறுபடி மறுபடி.
வழவழப்பானது ரெண்டு கிலோ எடுத்தேன்,
சீவுவது சுலபம், யாரிடம் சொல்வது.
வரிசையில் எனக்கு முன்னால்
தெரிந்த முதுகு, தெரிந்த கம்பளித் தொப்பி.
தோரிலா.
அவள் கூடையில் உருளைக்கிழங்குப் பவுடர்,
வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற ரகம்.

நான் அவள் கூடையைப் பார்த்தேன்.
அவள் என் பையைப் பார்த்தாள்.
"வடக்குக் காற்று" என்றாள்.
"மூன்று நாள் இருக்கும்" என்றேன்.
வானிலை என்ற ஒன்றை
எதற்காகப் படைத்தார்கள் என்று
அப்போது புரிந்தது.

செவ்வாய்க்கிழமை துறைமுகம் திறந்தது.
புதன், ஒரு மணி, செருமல்:
"ஊர் மக்களுக்கு ஓனோஃப்ரே தெரிவிப்பது:
பல் வந்து சேர்ந்தது.
கீழே சரியாக இருக்கிறது.
மேலே வேறு யாருடையதோ.
தவறாக வாங்கிக்கொண்டு
சிரித்துக்கொண்டிருப்பவர்
தயவுசெய்து அடுத்த படகில் அனுப்பவும்."

ஊரில் அன்று
யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

இரவு, வானிலைப் பெண் விடுமுறையில்.
பதிலுக்கு ஒரு ஆள் வந்திருந்தார்,
பரந்த தோள், நல்ல தொப்பை.
தீவுக்கூட்டம் மொத்தமும் காணோம்.
"தெற்கே லேசான மேகமூட்டம்" என்றார்.
அடுப்பில் ரொசெந்தோவின் விறகு
உஸ்ஸென்று
அதை மறுத்தது.