நாலு, கே, ஆறு

கோட்டை, சதாம் வீதி, ஐந்தாம் மாடி.
இரவு இரண்டே கால்.
கப்பல் முகவர் அலுவலகத்தில் விழித்திருப்பது
நானும் ஏசியும் மெயில் சேர்வரும்.

வருகிற ஒவ்வொரு மின்னஞ்சலையும்
வாசலில் மறித்துப் பார்ப்பது
நான் எழுதிய ஸ்கிரிப்ட்.
யார் நீ, எந்த முகவரி,
பொதியில் என்ன, ஏன் இவ்வளவு அவசரம்.
பதிலைப் பார்த்துப் புள்ளி போடும்.
ஐந்து சேர்ந்தால் உள்ளே விடாது,
திருப்பியும் அனுப்பாது.
தடுப்பறை என்றொரு கோப்புறை,
முப்பது நாள், பிறகு அழிப்பு.
அனுப்பியவருக்கு ஒரு சொல்லும் போகாது.

நல்ல ஸ்கிரிப்ட்தான்.
போன வருடம் பொய் இன்வொய்ஸ் ஒன்றைப் பிடித்தது,
நாற்பது லட்சம் தப்பியது.
ஜயவிக்ரம சேர் கேக் வாங்கித் தந்தார்.

இறக்குமதிப் பிரிவு சந்தமாலி பின்னேரம் கேட்டாள்:
பேசாலையிலிருந்து ஒருவர்,
ஐந்து கடிதம் போட்டேன் என்கிறார், எங்கே?

பதிவேட்டில் தேடினேன்.
யூஜின் லெம்பேட்.
மீனவர் சங்கத்துக்கு வந்த ஐஸ் மெஷின்
கொள்கலனோடு துறைமுகத்தில் நிற்கிறது,
எந்தத் தாள் குறைகிறது
என்று கேட்டிருந்தார், தமிழில்.

முதல் கடிதம்: ஐந்து தசம் ஒன்று.
இரண்டாவதில் மூன்று ஆச்சரியக்குறி: ஆறு.
அடுத்ததில் எல்லாத் தாளையும்
ஒரே சிப் கோப்பாய்ச் சுருட்டி இணைத்தார்: எட்டு.
ஐந்தாவதை ஒரே நாளில் மூன்று முகவரிக்கு: ஒன்பது தசம் நாலு.
மனிதன் கெஞ்சக் கெஞ்ச
எண் ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

ஆறாவது ஆங்கிலத்தில் வந்தது.
பள்ளிக்கூடப் பிள்ளை யாரும் எழுதிக் கொடுத்திருக்கவேண்டும்,
ஒரே வரியில் இரண்டு 'சேர்'.
ஒன்று தசம் ஒன்று.
உள்ளே விட்டிருக்கிறது.

முதலாவதுக்கும் இதற்கும் வித்தியாசம்
சரியாக நாலு.

நூற்றிப் பன்னிரண்டாம் வரிக்குப் போனேன்.
தமிழ் கம்பியில் தமிழாய் வராது,
வேறு உருப் போட்டுக்கொண்டு வரும்.
அம்மா என்றாலும் கடன் என்றாலும்
தலைப்பின் முகப்பு ஒன்றுதான்:
நாலு, கே, ஆறு.
லொத்தர்க் குப்பை தமிழில் கொட்டிய ஒரு கிழமையில்
நித்திரைத் தூக்கத்தோடு எழுதியிருக்கிறேன்,
இப்படித் தொடங்கினால் நாலு புள்ளி கூட்டு.
பக்கத்தில் குறிப்பு: தற்காலிகம்.
அதன்கீழ் என் முதலெழுத்து.

சிங்களம் நாலு, எல் என்று தொடங்கும்.
அதற்கு வரி எழுதவில்லை.
எழுத நினைத்திருந்தால்
சேரிடம் கேட்டிருப்பேன்.

இதைச் சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன்.
தெமட்டகொடையில் பஸ்ஸை மறித்து இறக்கியபோது
எனக்குப் பன்னிரண்டு வயது.
அட்டையை வாங்கியவன் அப்பாவின் பெயரை
வாசிக்கவில்லை,
அதன் நீளத்தைப் பார்த்தான்.

வரியை அழிக்கவில்லை.
முன்னால் ஒரு வேலிக்குறி போட்டு நிறுத்தினேன்.
அழித்தால் எழுதியது நான் என்பதும் போய்விடும்.
ஐந்து கடிதங்களையும் விடுவித்தேன்.
பதினொரு நாள் துறைமுக வாடகை யார் கட்டுவது
என்று காலையில் கேட்பார்கள்.
சொல்லத்தான் வேண்டும்.

மூன்று மணிக்கு சேர்வரைத் திரும்ப எழுப்பினேன்.
முதலில் உள்ளே வந்த தமிழ்:
வாழ்த்துகள்! நீங்கள் ஐந்து கோடி வென்றுவிட்டீர்கள்.

இருக்கட்டும் என்று விட்டேன்.