கை பட்ட பக்கம்

புதன் இரவு.
கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் ஒரு படகும் கயிறு அவிழ்க்கவில்லை.
ஐந்து நாளாகக் காற்று.
மீன் ஏலக் கூடத்தின் தரை காய்ந்து கிடக்கிறது,
பலகையில் இன்னும் வெள்ளிக்கிழமை விலை.

இம்மாதிரி இரவில் என் வேலை சுருங்கிப்போகும்.
மாறியதை மட்டும் நகலெடுப்பவள் நான்.
மாறாததற்கெல்லாம் ஞாயிறன்று எடுத்த முழு நகல் இருக்கிறது,
கடலுக்கடிச் சுரங்கம் தாண்டி
அடுத்த தீவின் நிலவறை ஒன்றில்.

எது மாறியது என்று படித்துப் பார்ப்பதில்லை.
படிக்கப் புகுந்தால் விடிந்துவிடும்
(பிப்ரவரியில் இங்கே விடிவது எப்போது என்பது வேறு கதை).
எட்டெட்டாகக் கட்டிய பக்கங்கள்,
கட்டுக்கு ஒரு புள்ளி.
கை படாதவரை பூஜ்யம்,
பட்டால் ஒன்று.
யார் கை, எதற்காக, எத்தனை தரம்,
புள்ளிக்குத் தெரியாது.
ஓர் எழுத்தைத் திருத்தினாலும் ஒன்று,
ஊர்ப் பெயரையெல்லாம் அழித்தாலும்
ஒன்றுதான்.

இன்று ஏலக் கணக்கில் பூஜ்யம்.
பனிக்கட்டிக் கிடங்கில் பூஜ்யம்.
டீசல் ரசீதுகளில் பூஜ்யம்.
மாலுமிகள் பதிவேட்டில் மட்டும்
ஒரே ஒரு புள்ளி விழித்திருந்தது.

பொழுது போகவில்லை, கட்டைப் பிரித்தேன்.
பழைய நகலைப் பக்கத்தில் வைத்து
வரி வரியாக ஒப்பிட்டேன்.
பெயர், பிறந்த நாள், படகு,
பூட்ஸ் அளவுகூட அப்படியே.
மூன்றாம் பக்கத்தின் நெற்றியில் உள்ள எண் மட்டும்
ஏறியிருந்தது.
ஏறத் தெரியும், இறங்கத் தெரியாத எண் அது.
எதையோ மாற்றிய ஒருவர்
இருந்ததை இருந்தபடியே திரும்ப வைத்திருக்கிறார்.
எண் திரும்பவில்லை.

அந்தப் பக்கத்தில் நாற்பத்தோரு பேர்.
நாற்பது பேருக்கு நிலை: கரையில்.
ஹெரால்வுர், இயந்திர உதவியாளர்,
நிலை: கடலில்.
ஜனவரி ஒன்பதிலிருந்து கடலில்.
அந்தப் படகின் ரப்பர் மிதவை ஒன்றுதான் கிடைத்தது,
அதுவும் ஷெட்லாந்துக்காரர்களுக்கு.

பதிவேட்டைத் திருத்தும் உரிமை இருவருக்கு.
தோர்ஹால்லா காய்ச்சலில் படுத்திருக்கிறாள்.
இன்னொருவர் யுஸ்டினுஸ்.
ஹெரால்வுரின் அண்ணன்.

லாக் கோப்பைத் திறந்தால் போதும்.
அந்த இடத்தில் என்ன சொல் வந்து உட்கார்ந்தது,
எத்தனை நிமிடம் உட்கார்ந்தது,
எல்லாம் நொடி சுத்தமாக இருக்கும்.
கர்சர் அதன்மேல் துடித்தது.
காபி போட எழுந்துவிட்டேன்.

பிறகு நகலை ஓட்டினேன்.
அறுபத்துநான்கு கிலோபைட்.
ஒரே கட்டில் இருந்த பாவத்துக்கு
மற்ற ஏழு பக்கமும் கூடவே கிளம்பின.
ஒன்றும் மாறாத அந்தப் பொதி
கடலுக்கடியில் போய்
அடுத்த தீவில் இறங்கியது.
வேலை முடிந்தது என்று திரை சொன்னது,
பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை.

வியாழன் மதியம் உணவுக்கூடத்தில்
எதிரே வந்து உட்கார்ந்தார் யுஸ்டினுஸ்.
கம்பு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே,
"ஒன்றை மாற்றிவிட்டு
உடனே பழையபடி வைத்துவிட்டால்,
அதுவும் நகலில் போகுமா?"
போகும் என்றேன்.
"ஒன்றுமே மாறாவிட்டாலுமா?"
ஒன்றுமே மாறாவிட்டாலும்.
தடவிய இடத்திலேயே மறுபடி தடவினார்.
என் காபிக்கும் அவரே காசு கொடுத்தார்,
வேண்டாம் என்று நான் சொல்வதற்குள்.

வெள்ளி விடிகாலை காற்று விழுந்தது.
ஏழு மணிக்குள் துறைமுகம் காலி.
அன்றிரவு வரைபடம் முழுக்க ஒன்று, ஒன்று, ஒன்று,
நகலெடுக்க நாலு மணி நேரம் பிடித்தது.
நடுவில் ஒருமுறை மூன்றாம் பக்கத்தைத் திறந்தேன்,
என் வேலை இல்லை அது.

நாற்பத்தோரு பேரும் கடலில்.
ஒரே சொல், மேலிருந்து கீழ்வரை.
அதில் இன்று கை படாத வரி எது என்று
புள்ளியைக் கேட்டுப் பயனில்லை.