இரண்டரை சென்டிமீட்டர்

முதலில் நல்ல காலை அளக்கிறாள் இமல்ஷா.
"இதுதான் மற்றக் காலுக்கு மாதிரி."
கழுத்தில் தையல்காரியின் நாடா,
கையில் கணிதப் பெட்டியிலிருந்து தப்பிப்போய்
வளர்ந்துவிட்ட ஒரு பாகைமானி.
வலது: நூற்று நாற்பது.
இடது: அறுபத்திரண்டு.
தொடைச் சுற்றளவில்
இரண்டரை சென்டிமீட்டர் குறைவு.

சத்திரசிகிச்சை முடிந்து ஆறு கிழமை.
அதற்குள் அவ்வளவு சதை எங்கே போயிருக்கும்?
யாரும் வெட்டியெடுக்கவில்லை.
குளியலறைச் சவர்க்காரம் போல
சொல்லாமல் கரைந்திருக்கிறது.

யாரும் தள்ளவுமில்லை.
இதைச் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன்.
காப்புறுதிக் கம்பனிகளின் அரையிறுதி.
பந்தைப் பறித்தேன், இறங்கினேன்,
உடம்பு திரும்பியது
சப்பாத்து திரும்பவில்லை.
முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம்.
விழுந்தபோதும் பந்து என் கையில்தான்.
நடுவர் விசில் ஊதினார்:
"ஸ்டெப்பிங்."
நோவு ஆறிவிடும் என்கிறார்கள்.
அந்த விசில் ஆறாது.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை, மூன்றாம் மாடி.
லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில்
படிதான் முதல் பயிற்சி:
ஏற நல்ல கால்,
இறங்க நோகிற கால்.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு ரக்பிப் பையன்.
பதினேழு வயது, இடம் விலகிய தோள்.
கையை உயர்த்தும் நேரம் வந்தால்
போனில் பைலாவைக் கூட்டி வைப்பான்.
நாங்கள் எல்லோரும்
பாட்டை மட்டும் கேட்பவர்கள் போல இருப்போம்.

குப்புறப் படுக்கச் சொல்கிறாள்.
குதிகால் பின்னால் மடிந்து வரவேண்டும்.
"எகய்... தெகய்... துனய்..."
அவளுடைய பத்து என்னுடைய பத்தைவிட நீளம்.
நான் தமிழில் எண்ணி முடித்து
அவளுடைய ஏழில் பல்லைக் கடித்துக் காத்திருக்கிறேன்.
துவாய்க்குள் முகம் புதைத்து
"அம்மா" என்கிறேன்.
அது அவளுக்கும் விளங்குகிற சொல்.
"தவ டிக்கக்" என்கிறாள்.
இன்னும் கொஞ்சமாம்.
அந்தக் கொஞ்சம் எந்தப் பாஷையிலும் பொய்.

ஒரு நாள் எழுபது. ஒரு நாள் எழுபத்தொன்று.
மழைக்கு அடுத்த நாள் அறுபத்தெட்டு.

அலுவலகத்தில் மேசைக்குக் கீழே
முழங்காலின் மேல் உறைந்த பட்டாணிப் பை.
மேசைக்கு மேலே இழப்பீட்டுக் கோரிக்கைகள்.
ஆறு வருடமாக
மற்றவர்களின் முழங்கால்களுக்கு
இத்தனை வீதம் என்று நிரப்பிய கை இது.
இந்தக் கிழமை ஒன்றை நிரப்பாமல்
இழுப்பறைக்குள் வைத்திருக்கிறேன்.

என் ஜீ.டி. பிப்பை அபிதாரணி போட்டுக்கொண்டாள்.
நன்றாக விளையாடினாள், அதுதான் கஷ்டம்.
தண்ணீர்ப் போத்தல்களுக்கு நடுவிலிருந்து கைதட்டினேன்.
கைக்கு ஒன்றுமில்லையே.

பிறகு ஒற்றைக் காலில் நிற்கும் மாதம்.
யன்னலுக்கு வெளியே தண்டவாளம், அப்பால் கடல்.
"கோச்சி போய் முடியும் வரைக்கும்."
பாணந்துறைக் கோச்சி முடிவதாயில்லை.
இடுப்பு ஆடுகிறது, பாதம் சுவரைத் தேடுகிறது.
பெட்டிக்குப் பெட்டி
மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போகிறார்கள்,
பாதிப்பேர் ஒற்றைக் காலில்,
மற்றக் கால் காற்றில்.
ஒருவராவது என்னைப் பார்க்கவில்லை.

ஏழாம் மாதம் நாடாவை எடுத்தாள்.
இரண்டு தொடையும் ஒரே அளவு.
நான் சிரித்தேன்.
அவள் பழைய அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.
இடது ஒன்றரை ஏறியிருக்கிறது.
வலது ஒன்று இறங்கியிருக்கிறது.
மாதிரி என்று நிறுத்திவைத்த கால்
இவ்வளவு நாளும் இரண்டு பேருக்காக நடந்து
யாரும் அளக்காத பக்கத்தில் மெலிந்திருக்கிறது.

"இனி ரெண்டுக்கும் செய்வம்" என்று
அட்டையில் புதுக் கோடு ஒன்று கீறினாள்.

அன்றும் லிஃப்ட் இல்லை.
இறங்க நோகிற கால்.
முதற் படியில் நின்று
எது அது என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.