நடுவில் ஓர் இறக்கம்

வண்டி சமமாக நிற்காவிட்டால்
வாணலியில் முட்டை ஒரு பக்கமாக ஓடிவிடும்.
சக்கரத்தடியில் பலகை செருகுகிறேன்.
ரசமட்டக் குமிழியைப் பார்த்தபடி உள்ளேயிருந்து
"இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்கிறாள் வெர்னா.
முப்பத்தோரடி வீடு. இறக்கத்தில் எண்பது மைல் வேகம்கூடப் போகும்.
ஃப்ரிட்ஜ் கதவில் பதினான்கு மாநிலங்கள்
காந்த வில்லைகளாக.
அரிசோனாவுக்கு மட்டும் இடம் காலி.
ஏறி முடிக்காத மலையின் படத்தை ஒட்டமாட்டேன் என்று
பதினோரு வருஷத்துக்கு முன் காட்டிய வீம்பு
அங்கே வெள்ளைச் சதுரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மலையை நான் இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
எங்கே போய்விடப் போகிறது?
நெடுஞ்சாலையில் நாற்பது மைலுக்கு முன்பே
உடைந்த கடைவாய்ப்பல்லாக எழுந்து நின்றதே.

எல்லோரும் உச்சியைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள்.
என்னைத் திருப்பி அனுப்பியது உச்சி இல்லை.
பாதி ஏறி, மலைத்தோளில் மூச்சு வாங்கி நின்றவனிடம்
"இனி இறங்கு" என்றது பாதை.
மறுபக்கம், முன்னூறு அடி,
இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக.
சாண் ஏறி முழம் சறுக்கினால் விதியென்று விட்டுவிடலாம்.
இங்கே யாரும் சறுக்கவில்லை.
சம்பாதித்த உயரத்தை நீயே கொட்டிவிட்டு
மறுபடி முதலிலிருந்து வா என்கிறது.
டொலீடோவில் இருபத்தாறு வருஷத்து டயர்க்கடையை
அந்த மாதம்தான் விற்றிருந்தேன்.
இறங்கு என்ற சொல்லே அப்போது ஆகாது.
முட்டி வலி என்று பொய் சொல்லித் திரும்பினேன்.
வெர்னா நம்பினாள்,
அல்லது ஐஸ் ஒத்தடம் கொடுத்தாள்.

இப்போது வலி நிஜம். வலது முட்டியில் டைட்டேனியம்.

விடியுமுன் முகாம் பொறுப்பாளர் ஒஃபேலியா
டார்ச்சோடு வந்து கதவைத் தட்டுகிறாள்:
"பத்து மணிக்குள் இறங்கிவிடு. அப்புறம் பாறை அடுப்பு.
கம்பி பிடிக்கக் கையுறை வாளியில் இருக்கும்,
எடுத்தால் திருப்பி வை."
திருப்பி வை என்றதும் காது சுடுகிறது.
என் கருவிப்பெட்டியில் பதினோரு வருஷமாகக் கிடக்கிறது
யாருடையதோ ஒரு ஜோடி.

சகுவாரோ கள்ளிகளில் ஒன்று மட்டும்
கைகளைத் தொங்கப் போட்டிருக்கிறது.
போன குளிரின் உறைபனி வேலை.
அதற்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நடந்தேன்.

தோளில் நிற்கவே இல்லை.
நின்றால் யோசிப்பேன்.
கம்பியைப் பிடித்து முதுகைக் காட்டி இறங்கினேன்,
ஒவ்வொரு அடிக்கும் ஒரு கெட்ட வார்த்தை.
பாதியில் முழங்கையில் தொற்றியது
துள்ளும் கள்ளியின் ஒரு முள்ளுருண்டை.
பிடுங்கப் போன விரலிலும் தொற்றியது.
பையைத் துழாவினால் ஒரு பழைய சீப்பு.
நான் வைக்கவில்லை. எனக்குச் சீவ முடியும் இல்லை.
பல்லை முள்ளுக்கடியில் விட்டு நெம்பியபோதுதான் புரிந்தது,
நான் இந்தப் பக்கம் இறங்குவேன் என்று
என்னைவிட முன்னால் தெரிந்திருக்கிறது ஒருத்திக்கு.

உச்சியில் காற்று. ஒரு பருந்து. என் மூச்சு.
கீழே எங்கள் வீடு அரிசிமணி அளவு.
அவ்வளவுதான்.

யாரும் சொல்லாதது இது:
திரும்பும்போது அந்த முன்னூறு அடி ஏற்றம்.
போன தடவை அதுவரை நான் வந்ததே இல்லை.
டைட்டேனியம் மணியடித்தது.
பத்தைத் தாண்டிப் பதினொன்றே கால்.
ஒஃபேலியா கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள்.
வாளியில் இரண்டு ஜோடி போட்டேன்.
எண்ணிப் பார்த்தவள் எதுவும் கேட்கவில்லை.

வெர்னா ரசமட்டத்தின் முன் குனிந்திருந்தாள்.
குமிழி ஓரத்துக்குப் போயிருக்கிறது.
"ராத்திரியே மணல் இறங்கியிருக்கணும்.
பலகையைச் சரிபண்ணு."
நாளைக்கு என்றேன்.
முட்டை ஒரு பக்கமாக ஓடியது.
கருகிய ஓரத்தை எனக்கே வைத்துவிட்டு
சீப்பைத் திருப்பிக் கேட்டாள்.