ஈர விறகு

கோயில் சாவி என்னிடம் இருக்கிறது.
அதனால்தான் போகிறேன்,
சனிக்கிழமைதோறும் பெருக்குகிறேன்.
வேறு அர்த்தம் எதையும் என்மேல் ஏற்றாதீர்கள்.

சிலோயேயைத் தாண்டி, வரைபடம் மறந்துவிட்ட ஒரு துண்டு மண்.
பாதிரியார் படகில் வருவது ஆண்டுக்கு இரண்டு முறை,
மழை வருவது மற்ற எல்லா நாளும்.

என் பெயர் ஒத்திலியா மன்சியா.
மட்டி ஆலையில் எட்டு மணி நேரம்
ஓடு சுரண்டிய கை.
அந்தக் கையால்தான் மரத்து ஆண்டவரின் பாதம் துடைக்கிறேன்,
தோளில் தைத்த தோல் கீல்களுக்கு எண்ணெய் இடுகிறேன்.
பெரிய வெள்ளியன்று இறக்கி, கைகளை மடக்குவார்கள்.
மற்றபடி ஆண்டு முழுக்க விரித்தபடியே.
முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.
பேச்சு அற்றுப்போன இருவர்
ஒரே சட்டியில் சாப்பிடுவதில்லையா, அப்படி.

பதினோரு வருடம் முன்பு
பவுதிலியோ பழுது பார்த்த இன்ஜின்
கால்வாய் நடுவில் நின்றது.
எவரிஸ்தோவின் தொப்பி கரைக்கு வந்தது.
எவரிஸ்தோ வரவில்லை.
"ஒரே ஒரு போல்ட், ஒத்திலியா,
நாளைக்கு முறுக்கலாம் என்று விட்டேன்."
வாசலில் நின்று அவனே சொன்னான்.
பொய் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாயிருந்திருக்கும்.
கதவைச் சாத்தினேன்,
கடவுளையும் அவன் பக்கமே வைத்து.

அந்த மே மாதம்
என் வேலியோரம் ஒரு கட்டு விறகு,
தெப்பூ மரம், ஒரே அளவாய்ப் பிளந்தது.
தொடவில்லை.
ஊறியது, பாசி பிடித்தது, காளான் முளைத்தது.
அடுத்த மே, பக்கத்தில் இன்னொன்று.
அதற்கடுத்த மே, இன்னொன்று.
விடியுமுன் வருவான்.
ஏன் எரிக்கவில்லை என்று கேட்டதில்லை.
சந்தையில் கண்டால் தொப்பியைக் கழற்றுவான்;
நான் உருளைக்கிழங்கு விலையைப் பார்ப்பேன்.

"அவள் கல். விடு" என்றார்கள் அவனிடம்.
கல்தான்.
கல் எப்போது கரையும் என்று
கடல் கணக்கா போடுகிறது?
வருவது அதன் வழக்கம். வருகிறது.

இந்த மே, விறகு வரவில்லை.
மூன்றாம் நாள் பார்த்தால்
வேலியைப் பார்த்தபடி நிற்கிறேன்,
கையில் தேநீர் ஆறிப்போய்.
யாருக்காக நிற்கிறாய், கழுதை,
என்று என்னையே திட்டினேன்.
நான்காம் நாள் வந்தான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு,
அரைக் கட்டுடன்.
"இவ்வளவுதான் தூக்க முடிந்தது."
மன்னிப்புக் கேட்கிற குரல்,
வேறெதற்கும் இல்லை, அரைக் கட்டுக்கு.

மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை.
பெரிய சொல் அது, என் வாயில் நுழையாது.
"உள்ளே கொண்டு வை" என்றேன்.
வழியெல்லாம் தூறல், விறகு ஈரம்.
மாறி மாறி ஊதினோம்.
கண்ணில் நீர், இருவருக்கும்.
புகையென்றே வைத்துக்கொள்ளுங்கள்.
கெண்டி கொதிக்க ஒரு மணி நேரம் ஆனது.

செவ்வாய்க்கிழமை கோபம் திரும்பி வந்தது.
இனியும் வரும் போலிருக்கிறது.

சனிக்கிழமை நிமிர்ந்து பார்த்தேன்.
அவசரத் தச்சன் யாரோ செதுக்கிய மூக்கு,
கன்னத்தில் பூச்சித் துளைகள்.
இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சண்டைக்கு ஒரு நுனி கிடைத்திருக்கும்.
என் வேலியோரம் எத்தனை கட்டு வைத்தீர், ஐயா?
நான் எண்ணவே இல்லையே.

"வந்துட்டேன்" என்றேன்.
செபம் அவ்வளவுதான்.
வாளியில் தண்ணீர் குறைவு;
தரையை நாளைக்குத் துடைக்கலாம் என்று
நாக்கு வரை வந்தது.
நாளைக்கு.
விழுங்கினேன். கிணற்றுக்குப் போய் வந்து துடைத்தேன்.

பிறகு வேலியோரத்துக் கட்டுகளைப் பிரித்தேன்.
மேலே இருந்தவை காயும்.
அடியில் கிடந்த முதல் கட்டு
கை வைத்ததும் மண்ணாய் உதிர்ந்தது,
கறுப்பாய், வெதுவெதுப்பாய், புழுக்களோடு.
பூண்டுப் பாத்திக்குப் போட்டேன்.