வெயிலுக்கு ஒரு கட்டம்

ஹாம்பர்க்கிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்கு
ஒரு கேள்வி வந்தது:
உங்கள் அப்பளம், விதையிலிருந்து குப்பை வரை,
பூமிக்கு என்ன செலவு வைக்கிறது?

பிரமநாயகம் அண்ணாச்சி இரண்டு தரம் வாசித்தார்.
"வெலையைக் கேக்கானா, வெனையைக் கேக்கானா?"
கணக்கு எழுதுகிறவள் நான்.
கடிதம் என் மேசைக்கு வந்துவிட்டது.

முதலில் அலகு.
எதற்குக் கணக்கு? ஒரு கட்டுக்கா, ஒரு கிலோவுக்கா,
பந்தியில் ஒருவர் நொறுக்கும் ஒன்றே ஒன்றுக்கா?
மூன்று நாள் இதிலேயே போயிற்று.
பொரித்த ஒரு கிலோ என்று எழுதினேன்.
பச்சையாய் யார் தின்பார்?

பிறகு பின்னோக்கி நடந்தேன்.
உளுந்து பர்மாவில் ஏறித் தூத்துக்குடியில் இறங்கியது.
அங்கிருந்து பேச்சிமுத்து லாரி.
டீசல் சீட்டுகளை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்,
ஏழு மாதத்துக்கு மட்டும்.
மற்றவற்றின் முதுகில் வீட்டுக்காரி
மளிகைச் சாமான் எழுதிவிட்டாளாம்.
உப்பு, காரம், கிணற்று மோட்டார்,
ஒவ்வொரு கட்டையும் இறுக்கிய பிளாஸ்டிக் உறை.

அப்புறம் வெயில்.
களம் முழுக்க வட்டங்கள், மேலே அது ஒன்றுதான்.
அதற்கும் ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தேன்.
பூஜ்யம் என்று தட்டும்போது விரல் கூசியது.
இத்தனை பெரிய வேலையாளுக்குச்
சம்பளப் பட்டியலில் சுழி.

இசக்கியம்மா எட்டிப் பார்த்தாள்.
"நாங்க ஷேர் ஆட்டோல வாரோமே, அது எதுல சேரும்?"
"அது கோட்டுக்கு வெளியே, அக்கா."
"கோட்டை யாரு கிழிச்சா?"
அன்று ராத்திரி கோட்டை
அம்பாசமுத்திரம் வரை இழுத்தேன்.
மொத்தத்தில் ஒன்றும் அசையவில்லை,
புள்ளிக்கப்புறம் மூன்றாம் இடம் மட்டும் மாறியது.
அழிக்க மனசில்லை.

ஐப்பசி, கார்த்திகையில்தான் சிக்கல்.
களம் சொதசொதக்கும். உலர்த்தும் அறையில்
சீமைக்கருவேல் விறகு நாள் முழுக்க எரியும்.
எண் இரண்டு மடங்கு.
"மழை மாசத்தை வுட்ரு," என்றார் அண்ணாச்சி,
"பத்து மாசம் போதும். உறையில ஒரு பச்சை எலையைப் போடுவோம்."
"எந்த மரத்து எலைன்னு கேட்டா, அண்ணாச்சி?"
அவர் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது.
கப்பலைவிட, விறகைவிட உயரமான தூண்
எங்கள் வாசலுக்கு வெளியே நின்றது:
வாங்குகிறவர் வீட்டு எண்ணெய்ச் சட்டி.
"அப்போ பழி வாங்குறவன் மேலயா?"
"பழி இல்ல, பங்கு. சுட்டுத் தின்னா கொறையும்."
"நல்லா யாவாரம் பண்ணுதே, போ."

ஆனாலும் இலை போடவில்லை.
உறையின் பின்புறம், எடைக்குக் கீழே, சின்ன எழுத்தில்:
மழை மாதங்களில் இது விறகுச் சூட்டில் காய்கிறது.
அப்போது பூமிக்குச் சுமை அதிகம்.
பொரிப்பதைவிடச் சுட்டால் சுமை குறைவு.
கணக்கு எங்களிடம் உண்டு. கேட்டால் காட்டுவோம்.
அச்சகத்துக்காரர் போனில் கேட்டார்:
"இது வெளம்பரமா, வாக்குமூலமாம்மா?"

நேற்று ஹாம்பர்க் திரும்பவும் எழுதியிருந்தது.
எல்லாம் சரி. அக்டோபரில் மட்டும் எண் ஏன் ஏறுகிறது?

"இங்கே அப்போது" வரை தட்டியிருப்பேன்.
பொதிகைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.
"ஏட்டீ, மழை!" என்று களத்திலிருந்து குரல்.
நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன்,
அண்ணாச்சியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்,
துணியோடு துணியாக வாரிச் சுருட்டினோம்.

கடைசி நாலு வரிசை நனைந்துவிட்டது.
தலையைத் துவட்டிவிட்டு எடை போட்டேன்:
பதினோரு கிலோ.
வீணுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது.
பதில் இன்னும் பாதியில் நிற்கிறது.