பொய் இறால்

மாவுலாவின் வயிற்றைக் கீறிய ஜெசிந்தா
கத்தியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டாள்.
உள்ளே, என் ரோஸ் கலர் பிளாஸ்டிக் இறால்.
ஆடியில் குந்துகால் பாரில் சிக்கி
தங்கூசியோடு அறுந்துபோனது.
கண் உதிர்ந்த இடத்தில்
அவள் நகப்பூச்சால் நான் வைத்த பொட்டு
அப்படியே இருந்தது,
செரிக்காமல்,
எங்கள் வீட்டுச் சிவப்பு.

அன்றிரவு பூவரசங்கட்டை சீவினேன்.
வாலுக்குச் சேவல் இறகு.
கண்ணுக்குச் சிப்பித் துண்டு.
ஈயத்துக்குப் பதில் வயிற்றில் ஓர் இரும்பு நட்டு.
"மீன் சிரிக்கும்" என்றாள்.

மூன்று நாள் சிரித்தது.
நாலாம் நாள் கச்சான் தணிந்த விடியலில்
ஒரு பாறை கவ்வி இழுத்து
அறுத்துக்கொண்டே போய்விட்டது.

பொய்தான் இதுவும்.
ஊறி, உளுத்து,
ஒருநாள் இல்லாமல் போகிற பொய்.

வத்தையில் உட்கார்ந்து
அடுத்த கட்டையை எடுத்தேன்.
கண் இன்னும் வைக்கவில்லை.